நிமிரும் படம்

பொத்தானிலிருந்து விரலை எடுத்த பிறகும் அந்தப் பெண்கள் நிமிரவில்லை.

செம்மொழி முதலில் கருவியைத்தான் சந்தேகப்பட்டாள். கைக்குள் அடங்கும் பழைய விளையாட்டுக் கருவி அது. அதைச் செய்த ஜப்பான் கம்பெனியே அதை மறந்து பல வருஷமாகிறது. நடுவில் தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிய திரை, இடது பக்கம் திசைகளுக்கு ஒரு பொத்தான், வலது பக்கம் வட்டமாக இரண்டு. பொத்தானுக்கு அடியில் இருக்கும் ரப்பர் தேய்ந்துவிட்டால், விரலை எடுத்தாலும் இன்னும் அழுத்திக்கொண்டிருப்பதாகவே கருவி நினைத்துக்கொள்ளும். அவளிடம் அதே மாதிரி இன்னொன்று இருந்தது. விளையாட்டை அதில் போட்டுப் பார்த்தாள். அதிலும் சேற்றில் வரிசையாகப் பெண்கள் குனிந்தே நின்றார்கள். வரப்பில் குடை பிடித்திருந்த மிராசுதார் மட்டும் கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்துவிட்டு, மீசையை நீவி, எங்கிருந்தோ வந்த டீயைக் குடித்தார்.

விளையாட்டுக்கு ‘நடவுத் திருவிழா’ என்று பெயர். ஆடுகிறவர்தான் மிராசுதார். பொத்தானை அழுத்தினால் அவர் தலைக்கு மேல் ‘ம், குனி’ என்று எழுத்து வரும். பெண்கள் ஆளுக்கொரு குத்து நாற்றை ஊன்றி நகர்வார்கள். வேகமாக அழுத்தினால் வேகமாக நடுவார்கள். பொழுது சாய்வதற்குள் வயல் முழுக்கப் பச்சையாகிவிட்டால் குலவைச் சத்தம் கேட்கும், அடுத்த வயல் வரும். அந்த வயலிலும் அதே பெண்கள், அதே குனிவு.

செம்மொழி நடுவராக இருந்த கல்லூரிப் போட்டிக்கு அனுப்புகிறவர்கள் விளையாட்டோடு அதன் படங்களையும் எழுதிய நிரலையும் சேர்த்துத் தர வேண்டும் என்பது விதி. செம்மொழி கணினியில் படங்களைத் திறந்தாள். மிராசுதாருக்கு விதவிதமாகப் படங்கள் இருந்தன. நடப்பது, திரும்புவது, குடையை விரிப்பது, மடக்குவது, மீசையை நீவுவது, டீ குடிப்பது, குடித்த பிறகு உதட்டைத் துடைப்பது. பெண்களுக்கு இரண்டே படம். கை நாற்று முடியில் இருப்பது ஒன்று, கை சேற்றில் இருப்பது ஒன்று. நிமிர்ந்து நிற்கும் படம் என்று ஒன்று வரையப்படவே இல்லை.

இடமில்லாமல் விட்டிருப்பார்கள் என்று நினைத்து அதையும் பார்த்தாள். இடம் கிடந்தது. மிராசுதார் உதட்டைத் துடைக்க ஆன இடத்தில் ஒரு பெண் தாராளமாக நிமிர்ந்து நின்றிருக்கலாம். அப்போதுதான் அவளுக்குக் கோபம் வந்தது.

செம்மொழிக்கு முப்பத்தாறு வயது. மயிலாடுதுறையிலிருந்து திருக்கடையூர் போகும் சாலையில் இறங்கி, வாய்க்காலை ஒட்டி உள்ளே போனால் வரும் ஊர். அப்பா இராஜாங்கம் பண்ணையாளாகத் தொடங்கி, குத்தகைக்கு எடுத்து, கடைசியில் சொந்தமாகக் கொஞ்சம் நிலம் வாங்கி, பட்டாவில் தன் பெயரைப் பார்த்துவிட்டுத்தான் போனார். அம்மா அம்சம் இடுப்பு ஒத்துழைத்தவரை நடவுக்கும் களைக்கும் போனவள். செம்மொழி படித்தாள், சென்னையில் வேலை பார்த்தாள், ஊரடங்கு வருஷத்தில் வீட்டுக்கு வந்தவள் திரும்பிப் போகவில்லை. பெங்களூர்க் கம்பெனி ஒன்றுக்காக, தண்ணீர் மீட்டருக்குள் ஓடும் நிரல்களை வீட்டிலிருந்தே எழுதினாள்.

இந்தக் கருவி அவளுடைய சொந்தக் கிறுக்கு. முதல் சம்பளத்தில் பர்மா பஜாரில் பழையதாக வாங்கியது. கம்பெனி கைவிட்ட கருவிக்கு ஆளாளுக்கு வீட்டில் உட்கார்ந்து புது விளையாட்டு எழுதுகிறார்கள் என்பதும், அதற்கு ஹோம்ப்ரூ என்று பெயர் இருப்பதும் பிறகுதான் தெரிந்தது. சின்னத் திரையில் நிறைய உருவங்கள் ஒரே வரிசையில் வந்தால் சிமிட்டும். அந்தச் சிமிட்டலைக் குறைக்க அவள் ஒரு நிரல் தொகுப்பு எழுதி, கூடவே ஒரு கையேடும் எழுதி இணையத்தில் இலவசமாகப் போட்டாள். பிரேசிலிலும் போலந்திலும் அதை எடுத்தாண்டார்கள். அவளை ஆண் என்று நினைத்து ‘அண்ணே’ என்கிற பாவனையில் சந்தேகம் கேட்டு எழுதினார்கள். அவள் திருத்தவில்லை, பதில் மட்டும் சொன்னாள்.

காவிரிக் கரையிலிருந்த ஒரு தனியார் பொறியியல் கல்லூரி இந்தக் கருவிக்கென்று மாணவர் போட்டி வைத்தபோது, ஊருக்குப் பக்கத்திலேயே இப்படி ஓர் ஆள் இருப்பது தெரிந்து அவளை நடுவராகக் கூப்பிட்டார்கள். அவள் போய் முதலில் செய்தது, மதிப்பெண் தாளில் ‘கதை’ என்றிருந்த கட்டத்தை அடித்ததுதான். நிரலை மட்டும் பார்ப்போம், கதையைப் பார்க்க நாம் யார் என்றாள். அதற்கு ஒரு காரணம் உண்டு. கல்லூரியில் படிக்கும்போது அவள் ஒரு போட்டிக்கு விளையாட்டு எழுதியிருந்தாள். தெருக்குழாயில் தண்ணீர் வருகிற கொஞ்ச நேரத்துக்குள் குடத்தை நிரப்ப வேண்டும். நன்றாக ஓடியது. அன்றைக்கு நடுவராக வந்தவர் ஆடிப் பார்த்துவிட்டு, ஏம்மா இவ்வளவு அழுமூஞ்சியா ஒரு விஷயம், கலகலப்பா எதாச்சும் செய்யக் கூடாதா என்று கேட்டு ஓரமாக வைத்துவிட்டார். அந்த ஆளின் வாய் இன்னொரு பிள்ளையின் விளையாட்டுமேல் படக் கூடாது என்பதற்காகத்தான் கட்டத்தை அடித்தாள்.

இப்போது அந்தக் கட்டம் இல்லை. நிரலை மட்டும் பார்த்தால் வந்ததிலேயே ‘நடவுத் திருவிழா’தான் முதல். அது அவளுக்கு மற்றவர்களைவிட நன்றாகத் தெரிந்தது. எங்கும் தடங்கல் இல்லை, சிமிட்டல் இல்லை, எழுதியவன் கை சுத்தம். நேர்மையாக மதிப்பெண் போட்டால் அவள் கையெழுத்தோடு அது மேடையேறும்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவள் சாப்பிட உட்கார்ந்திருந்தபோது அம்சம் கருவியை எடுத்துப் பார்த்தாள். என்ன இது, ஆளுங்க நடவு நடுற மாதிரி இருக்கு என்றாள். செம்மொழி சோற்றுக் கையை நீட்டி, அந்தப் பொத்தானை அழுத்து என்றாள். அம்சம் அழுத்தினாள். பெண்கள் நட்டார்கள். இன்னும் நாலு தடவை அழுத்தினாள். பிறகு விரலை எடுத்துவிட்டுத் திரையைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோனாள்.

“இவளுவோ ஏன்டி நிமிரவே மாட்டேங்குறாளுவோ?”

“நிமிர்ற மாதிரி வரையல.”

“ஏன்?”

“வரையத் தோணல போல.”

அம்சம் சிரித்தாள். நாங்க மூணு முடிக்கு ஒருதரம் நிமிர்ந்துடுவோம், நிமிர்ற நேரத்துலதான் வெத்தலை போடுறது, வரப்புல நிக்கிறவன வையிறது எல்லாம் என்றாள். அவன் காதில் விழாத அளவுக்கு வைவோம், அவன் பொண்டாட்டி காதில் விழுகிற அளவுக்கு வைவோம் என்றாள். மிராசுதார் டீ குடிப்பதைப் பார்த்துவிட்டு, இவன் எங்கேர்ந்து வாங்குனான், கடை அந்தப் பக்கமால்ல இருக்கும் என்று ஆராய்ந்தாள்.

செம்மொழிக்கு நெஞ்சு கொஞ்சம் ஆறியது. ஆனால் அம்மா கருவியைக் கீழே வைக்கவில்லை. கால் நீட்டிச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து ஆட ஆரம்பித்துவிட்டாள். முதல் வயலை முடித்தாள். குலவைச் சத்தத்துக்குத் தானும் மெல்ல நாக்கைச் சுழற்றினாள். இரண்டாவது வயலில் பொழுது வேகமாக இறங்கியது. அம்சம் நிமிர்ந்து உட்கார்ந்தாள். கட்டைவிரல் படபடவென்று அடித்தது.

“குனிடி. அந்தக் கடைசிச் சிறுக்கி எப்படிச் சொணங்குறா பாரு. குனிடி.”

“அம்மா.”

“இரு, முடியப் போவுது.”

“அது யாருன்னு தெரியுதா ஒனக்கு?”

“தெரியுதுடி. என் வயசுக்கு ஒரு நாளாச்சும் வரப்புல நின்னுக்கறேனே. ஒனக்கு என்ன வலிக்குது?”

செம்மொழி கை கழுவப் போய்விட்டாள். அம்மாமேல் கோபப்பட முடியவில்லை. அம்மாவையே வரப்பில் ஏற்றிவிட்ட அந்தப் பொத்தான்மேல்தான் கோபம் இன்னும் ஏறியது. இவ்வளவு நன்றாகச் செய்திருக்கிறார்கள். நடவு நட்டு இடுப்பு போனவளே நாலு நிமிஷத்தில் கத்த ஆரம்பிக்கிற அளவுக்கு நன்றாகச் செய்திருக்கிறார்கள்.

திங்கட்கிழமை கல்லூரியில் நடுவர்கள் மூவரும் உட்கார்ந்தார்கள். தலைமை நடுவர் இளவழகன் அந்தக் கல்லூரியின் பழைய மாணவர். சென்னையில் ஒரு பெரிய கம்பெனியில் பெரிய பதவி. திருப்பனந்தாள் பக்கம் அவர் வீட்டுக்கு இன்னமும் நிலம் இருந்தது. மூன்றாமவர் கணினித் துறைத் தலைவர் இசைவாணி, சத்தம் போட்டுப் பேசுகிறவர்கள் பக்கம் தலையாட்டியே பழகிப்போனவர்.

இளவழகன் ஏற்கெனவே முடிவு செய்துகொண்டுதான் வந்திருந்தார். நம் மண் வாசனை இருக்கிற விளையாட்டு, இதை விட்டால் வேறு எதற்குக் கொடுப்பது என்றார். தாத்தா காலத்தில் அவர்கள் வீட்டு நடவு என்றால் திருவிழா மாதிரி இருக்குமாம். அண்டா அண்டாவாகச் சோறு வடிப்பார்களாம், குலவைச் சத்தம் அடுத்த ஊருக்குக் கேட்குமாம்.

“யாருக்கு சார் திருவிழா?” என்று செம்மொழி கேட்டாள்.

“எல்லாருக்கும்தான்” என்றார் அவர், நிஜமாகவே அப்படி நம்புகிற முகத்தோடு.

அவள் வாதம் செய்யவில்லை. தன்னுடைய மதிப்பெண் தாளை எடுத்து, அதிலிருந்த ஒரு வரியைக் காட்டினாள். பொத்தானை விட்டால் ஒவ்வொரு உருவமும் ஓய்வு நிலைக்கு வர வேண்டும். இது எந்த விளையாட்டுக்கும் அடிப்படை. ஓடுகிறவன் நிற்பான், சண்டை போடுகிறவன் கையை இறக்குவான். இதில் மிராசுதார் ஓய்வெடுக்கிறார், டீயே குடிக்கிறார். பெண்களுக்கு ஓய்வு நிலை கிடையாது. இது பிழை. நடுவர் சொல்லும் பிழையைத் திருத்த இரண்டு நாள் தரலாம் என்று விதி இருக்கிறது, திருத்திக்கொண்டு வரட்டும் என்றாள். கதையைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. பேசாமலிருக்க அவள் பட்ட பாடு அவளுக்குத்தான் தெரியும்.

விளையாட்டை எழுதிய பகலவனைக் கூப்பிட்டார்கள். கடைசி வருஷ மாணவன். ஒல்லி, கண்ணாடி, மரியாதையான பையன். செம்மொழியைப் பார்த்ததும், உங்க தொகுப்பை வச்சுத்தான் மேம் எழுதினேன் என்று வெட்கத்தோடு சொன்னான். அவள் பிழையைச் சொன்னாள். அவன் குழம்பிப்போனான்.

“மேம், ரூல் கேரக்டருக்குத்தானே? அவங்க கேரக்டர் இல்ல மேம். பேக்ரவுண்ட்.”

“யாரு?”

“அந்த லேடீஸ் மேம். உருவமா வச்சா ஒரே வரிசையில நிறைய பேர் வந்து சிமிட்டும். அதான் சேறு, நாத்து, தண்ணி எல்லாம் இருக்கிற டேபிள்லயே அவங்களையும் போட்டுட்டேன். உங்க மேனுவல்லதான் மேம் இருக்கு. தனியா அசையத் தேவையில்லாததைப் பின்னணியில போடுங்கன்னு.”

இருந்தது. அது அவள் எழுதிய வாக்கியம். மரத்துக்கும் மேகத்துக்கும் சொன்னது. நிரலைப் படித்தபோது அந்த வித்தையைக் கவனித்து, பையன் கெட்டிக்காரன் என்று மனசுக்குள் மெச்சவும் செய்திருந்தாள். இப்போது அவன் வாயிலிருந்து கேட்டபோது காது சுட்டது. எல்லாம் ஒரே பட்டியல். சேறு, நாற்று, தண்ணீர், பெண். வயலில் உருவமாக இருப்பது ஒரே ஒருவர்தான், அவர் வயலில் இறங்கவே இல்லை.

இளவழகன் சிரித்தார். பாத்தீங்களா மேடம், ரூல்படி பிழையே இல்லையே என்றார்.

“ஏம்ப்பா” என்றாள் செம்மொழி பையனிடம், “அவங்க நாத்து நடுறாங்களா, இல்லையா?”

“நடுறாங்க மேம்.”

“மேகம் நடுமா?”

பையன் தலையைக் குனிந்துகொண்டான். இசைவாணி தொண்டையைச் செருமி, சின்ன விஷயம்தானே சார், ரெண்டு நாள்தானே, செய்யட்டுமே என்றார். அவர் அன்றைக்குச் சொந்தமாகச் சொன்ன ஒரே கருத்து அதுதான். இளவழகன் பெருந்தன்மையோடு சரி என்றார்.

இரண்டு நாள் கழித்துப் பகலவன் மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு நடுவர்கள் மூவரிடமும் வந்தான். புதுப் படத்தைக் காட்டினான். செம்மொழி திரையைப் பக்கத்தில் இழுத்துப் பார்த்தாள். விரல்நகம் அளவு கட்டத்துக்குள் ஒரு பெண் நிமிர்ந்து நின்றாள். ஒரு கை இடுப்பில். இன்னொரு கையின் மணிக்கட்டால் நெற்றியைத் துடைத்தாள். உள்ளங்கையால் இல்லை, அதில் சேறு. இதை எங்கே பிடித்தாய் என்று கேட்டாள். செம்பனார்கோயில் பக்கம் வண்டியை நிறுத்திப் பார்த்தானாம். இயந்திரம் நட்டுப் போன வயலில் விட்டுப்போன இடத்தையெல்லாம் சில பெண்கள் கையால் நட்டுக்கொண்டிருந்தார்களாம். அவன் அவர்களைப் பார்த்ததும் அவர்களும் நிமிர்ந்து அவனைப் பார்த்தார்களாம். ஏதோ சொல்லிச் சிரித்தார்களாம், அவனுக்குக் கேட்கவில்லை. என்ன சொல்லியிருப்பார்கள் என்று செம்மொழிக்குத் தெரியும்.

“ஆனா ஒரு பிரச்சினை மேம்” என்றான் பகலவன். “நிமிர்ந்தா வயல் முடிய மாட்டேங்குது.”

ஓடவிட்டுக் காட்டினான். பொத்தானை விடும்போதெல்லாம் பெண்கள் நிமிர்ந்தார்கள். மறுபடி குனிய ஒரு கணம் ஆனது. அந்தக் கணங்களெல்லாம் சேர்ந்து, முதல் வயலிலேயே பாதியில் பொழுது சாய்ந்தது. எவ்வளவு வேகமாக அழுத்தினாலும் சாய்ந்தது. குலவை கேட்கவில்லை. ‘நீங்கள் தோற்றீர்கள்’ என்று எழுத்து வந்து, மிராசுதார் குடையை மடக்கினார்.

நாலு பேரும் யோசித்தார்கள். பொழுதை நீட்டலாமா என்றார் இசைவாணி. நீட்டினால் அவர்கள் இருட்டுகிறவரை நட வேண்டும், அதற்கா நிமிரச் சொன்னேன் என்றாள் செம்மொழி. அப்படியானால் ஆளைக் கூட்டு என்றாள். கூட்டிப் பார்த்துவிட்டேன் மேம், ஆளுக்குக் கூலி போகிறது, மிராசுதாருக்கு ஸ்கோர் மைனஸில் போகிறது என்றான் பையன். எல்லா வழியும் ஒரே இடத்தில் போய் முட்டியது. அந்தப் பெண்கள் நிமிர்ந்தால் அந்த ஆள் ஜெயிக்க முடியாது. விளையாட்டு மொத்தமும் அவர்கள் நிமிராமலிருப்பதன்மேல் கட்டப்பட்டிருந்தது. எழுதியவனுக்கே அது இந்த இரண்டு நாளில்தான் தெரிந்திருக்கிறது.

இளவழகன் நாற்காலியைப் பின்னால் தள்ளினார்.

“எதுக்கு இவ்வளவு சுத்தி வளைக்கணும்? அந்த ஒரு படத்த எடுத்துடு தம்பி. மொதல்ல இருந்த மாதிரியே இருக்கட்டும்.”

பகலவன் செம்மொழியைப் பார்த்தான். அவள் வாய் திறப்பதற்குள் ஒரு விசையைத் தட்டினான். இடுப்பில் கை வைத்திருந்தவள் போய்விட்டாள். சாரி மேம் என்றான்.

“அத எடுத்தா நான் கையெழுத்துப் போட மாட்டேன் சார்.”

“ப்ரோக்ராம மட்டும்தான் பாக்கணும், கதையப் பாக்க நாம யாருன்னு சொன்னது யாரு மேடம்? நீங்கதானே?”

“ப்ரோக்ராமத்தான் பாத்தேன். விரல எடுத்தா நிமிரணும். நிமிரல.”

“அவங்க பேக்ரவுண்ட்னு அவன்தான் சொல்றானே.”

“அவன் சின்னப் பையன், தெரியாமச் சொன்னான். நீங்களும் சொல்றீங்களா?”

இளவழகன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். மூன்று நடுவரும் கையெழுத்துப் போட வேண்டும் என்கிற விதியை யார் எழுதியது என்று இசைவாணியைக் கேட்டார். நாமதான் சார் என்றார் இசைவாணி. அப்படியானால் நாமே மாற்றுவோம், இரண்டு பேர் போட்டால் போதும் என்றார் இளவழகன். மாற்றப்பட்டது. டீ வருவதற்குள் மாறிவிட்டது. உடன்படவில்லை என்று எழுதி என் பெயரைப் போடுங்கள் என்றாள் செம்மொழி. அதற்கு இதில் இடம் இல்லையே மேடம் என்றார் இளவழகன். ஒரு வரிக்கு எவ்வளவு இடம் வேண்டியிருக்கும் என்று அவளுக்குச் சிரிப்புக்கூட வந்தது. இசைவாணி கையெழுத்துப் போட்டுவிட்டு வராந்தாவரை அவள் கூடவே வந்தார். எனக்கு இங்கதான்ம்மா வேலை என்றார். செம்மொழி அவர்மேல் கோபப்படவில்லை. அதற்கு அவளிடம் மிச்சம் இல்லை.

பரிசளிப்பு விழாவுக்குப் போகாமல் இருந்துவிடலாம் என்றுதான் நினைத்தாள். போகாவிட்டால் மேடையில் அவளுக்கு உடம்பு சரியில்லை என்பார்கள். அந்தப் பொய்க்கு இடம் தர மனசில்லை. அம்சமும் போகத்தான் சொன்னாள். எந்த விளையாட்டுக்கு முதல் பரிசு என்று விசாரித்து, அதானா, நல்ல விளையாட்டுதான்டி அது, நீ ஏன் மூஞ்சியத் தூக்கிட்டுத் திரியிற என்றாள். பிறகு மகள் முகத்தை இன்னொரு தடவை பார்த்துவிட்டு, பட்டுப் புடவையை எடுத்துக் கட்டு, போய் நடு நாற்காலியில உக்காரு என்றாள்.

நடு நாற்காலி செயலாளருடையது. கல்லூரிச் செயலாளர் ரெத்தினம் எழுபது வயதுக்காரர், குள்ளமான மனிதர், வெள்ளை வேட்டி சட்டை. பிளக்ஸ் பேனரில் மூன்று நடுவர்கள் பெயரும் இருந்தன. அச்சுக்குக் கொடுத்த பிறகுதான் விதி மாறியது. வரவேற்புரை, ஆண்டறிக்கை எல்லாம் முடிந்து முதல் பரிசை அறிவித்து, பகலவனிடம் கோப்பையைக் கொடுத்தார்கள். கைதட்டல். அந்த விளையாட்டின் தொழில்நுட்பச் சிறப்பை விளக்க நடுவர் செம்மொழி அவர்களை அழைக்கிறோம் என்றான் தொகுத்த மாணவன். நிகழ்ச்சி நிரலில் முன்பே போட்டிருந்தார்கள். இளவழகன் நாற்காலியில் நெளிந்தார். அவரால் அதை விளக்க முடியாது, அவள்தான் விளக்க வேண்டும்.

அவள் ஒலிபெருக்கி முன் போய் நின்றாள். திரை ஏன் சிமிட்டும், பகலவன் அதை எப்படித் தடுத்தான் என்று யாருக்கும் புரிகிற மாதிரிச் சொன்னாள். இந்தக் கல்லூரியில் இதைவிடச் சுத்தமாக எழுதப்பட்ட நிரல் வரவில்லை என்றாள். முன்வரிசையில் பகலவனின் அப்பா அம்மா ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அவர்களுக்காக ஒரு கணம் நிறுத்தினாள். பிறகு பேசினாள்.

“இந்த விளையாட்டுல இன்னும் நூறு படத்துக்கு இடம் இருக்கு. போன வாரம் இதுல ஒரு படம் கூடுதலா இருந்துச்சு. பகலவன் வரைஞ்சது. எனக்குத் தெரிஞ்சு அவன் வரைஞ்சதுலயே அதான் நல்ல படம். நடவு நடுற ஒரு பொம்பள இடுப்புல கைய வச்சு நிமிந்து நிக்கிற படம். அவ நிமிந்தா மிராசுதார் ஜெயிக்க முடியல. அதனால அவள எடுத்துட்டாங்க. இதுல என் கையெழுத்து இல்ல. எங்க அம்மா நடவு நட்டவங்க.”

தொகுத்த மாணவன், பேச்சு முடிந்தால் கைதட்ட வேண்டும் என்ற பழக்கத்தில் ஒலிபெருக்கிப் பக்கத்தில் தட்ட ஆரம்பித்தான். எல்லோரும் தட்டினார்கள். நல்ல பலமாகவே தட்டினார்கள். அருமையான விளக்கம் என்றான் அவன். பின்வரிசையில் தட்டாமல் உட்கார்ந்திருந்த இரண்டு மூன்று பெண்களை மேடையிலிருந்து பார்க்க முடிந்தது. பகலவன் கோப்பையை மடியில் வைத்துக்கொண்டு அதன் அடிப்பாகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

செம்மொழி ஒலிபெருக்கியை விட்டு ஓரடி நகர்ந்தாள். எதைச் சொன்னாலும் சால்வை போர்த்திவிடுவார்கள் போலிருக்கிறது என்று நினைத்தாள். போர்த்தத்தான் வந்தார்கள். நடுவர்களுக்கு மரியாதை செய்யும் நிகழ்ச்சி. இளவழகன் தலை தாழ்த்தி வாங்கிக்கொண்டார். இசைவாணி நன்றாகவே தாழ்த்தி வாங்கிக்கொண்டார். ரெத்தினம் மூன்றாவது பொன்னாடையை விரித்துப் பிடித்துக்கொண்டு செம்மொழி முன் வந்து நின்றார். அவருடைய தலை அவள் தோளுக்குத்தான் வந்தது.

“கொஞ்சம் குனிங்க மேடம்” என்றார் கீழே நின்ற புகைப்படக்காரர்.

அவள் நின்றாள்.

ரெத்தினம் குதிகாலைத் தூக்கிக் கையை உயர்த்தினார். பொன்னாடை ஒரு தோளில் பட்டுச் சரிந்தது. பிடித்து மறுபடி உயர்த்தினார். சும்மா ஒரு மரியாதைக்குத்தானம்மா, கொஞ்சம் குனியேன் என்று அவரும் மெல்லச் சொன்னார். கெட்ட மனிதர் இல்லை. அவளுக்கு அது தெரிந்தது. இரண்டு கையையும் பக்கவாட்டில் வைத்துக்கொண்டு அவரை நேராகப் பார்த்தாள்.

“இப்படியே போடுங்க சார்.”

மூன்றாவது முறை சரிகைக் கரை அவள் காதோரம் உரசிக் கீழே விழுந்தது. முன்வரிசையில் யாரோ சிரித்தார்கள். இளவழகன், மேடம், எல்லாரும் பாக்கறாங்க என்றார் பல்லைக் கடித்துக்கொண்டு. பார்க்கட்டும் என்றாள் அவள். ஒலிபெருக்கி பக்கத்தில்தான் இருந்தது. அரங்கம் முழுக்கக் கேட்டது.

ரெத்தினம் பொன்னாடையை எடுத்து, தூசி தட்டி, நாலாக மடித்து அவள் கையில் கொடுத்தார். அவள் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள். புகைப்படக்காரர் அதற்குள் கேமராவை இறக்கிவிட்டிருந்தார்.